ஃபிலிம் கேமராவோடு ஊர் சுற்ற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

35 மி.மீ. ரோல் போடும் கேமராவை வீட்டிலும் வெளியூரிலும் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பலருக்கும் பயம் ஷட்டரை அமுக்கும் நொடியில்தான். ஆனால் ரோல் பாழாவது பெரும்பாலும் அதற்கு முன்போ பின்போதான்: மாட்டும்போது, வெயிலில் வைக்கும்போது, சுற்றி எடுக்கும்போது, டெவலப் செய்யும் லேப்பில் கொடுக்கும்போது. அந்த இடங்களில் பதில் கொஞ்சம் நீளும்.

வீட்டு அலமாரியில் ஒரு பழைய கேமரா கிடக்கிறது. அதிலேயே தொடங்கலாமா?

தாராளமாக. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இருந்த கோடாக் கேபி10, யாஷிகா எம்எஃப்-2 போன்றவை இன்றும் ஓடும். போகஸ் செய்யும் வேலை இல்லை. ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போனால் முகம் மங்கும், அவ்வளவுதான். 400 ரோல் போட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். (ரோல் மேலுள்ள இந்த எண்தான் ஃபிலிமின் வேகம். எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்.)

எல்லாம் கையால் வைக்க ஆசை என்றால் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 மாதிரி மெக்கானிக்கல் கேமராக்கள் நல்லவை. பேட்டரி செத்தாலும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும், ஷட்டர் ஓடும். கேனான் ஏஇ-1 அப்படியில்லை. அதற்கு 6 வோல்ட் பேட்டரி இல்லையென்றால் ஷட்டரே திறக்காது. பயணத்துக்கு அதைக் கொண்டுபோனால் பையில் ஒரு பேட்டரி கூடுதலாக இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பின்கதவைத் திறந்துகொண்டு லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அமுக்குங்கள். 1 நொடி என்றால் உண்மையிலேயே 1 நொடி திறந்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு என்று போனால் உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. 1/1000-இல் வெளிச்சம் ஒரு மின்னல்போல் முழுச் சட்டத்திலும் தெரிய வேண்டும். பாதி இருட்டாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது லென்ஸ். மொபைல் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை ஓடினால் பூஞ்சை. நான்கைந்து தூசி இருந்தால் கவலையில்லை. பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், லேசாக என்றால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்துவிடலாம். ஒயர் வரை அரித்திருந்தால் செலவு வைக்கும்.

பின்கதவு ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஃபோம் விரலில் தார் மாதிரி ஒட்டினால் மாற்றியாக வேண்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பட்டை ஒட்டுவது ஒரு மாலை வேலை. இதற்காகவே விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அறுபது, எழுபதுகளின் கேமராக்கள் சிலவற்றுக்கு 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி தேவை. அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், படம் இருட்டடிக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி சுமார் 1.4 வோல்ட். மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் ஆடாமல் நிற்கும்.

எந்த ரோல் வாங்குவது?

ஒரே ரோலில் வெயில், நிழல், மாலை எல்லாம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 400. முழுக்கக் கடற்கரை, கோயில் பிராகாரம், வயல்வெளி என்று வெயிலிலேயே சுற்றுவதானால் 200 போதும். கோடாக் கலர்ப்ளஸ், கோல்டு இரண்டும் 200, அல்ட்ராமேக்ஸ் 400. கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5, கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டும் 400. ஸ்லைடு ரோலை (நெகடிவாக இல்லாமல் நேரடிப் படமாகவே வருவது) முதல் ஐந்தாறு ரோலுக்குத் தொட வேண்டாம். அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) தவறினாலே அதில் முகத்தில் தெரிந்துவிடும். நெகடிவ் ரோல் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தையும் தாங்கும். ஆனால் குறைவைத் தாங்காது. சந்தேகம் வந்தால் கூட்டியே வையுங்கள்.

மீட்டர் வேலை செய்யவில்லை. வெளிச்சத்தை எப்படிக் கணக்கிடுவது?

தரையில் விழும் நிழலைப் பாருங்கள். பழைய 'சன்னி 16' கணக்கு இதுதான். ஷட்டர் வேகத்தை ரோலின் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்: 200 ரோலுக்கு 1/250, 400 ரோலுக்கு 1/500. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) 16. ஓரம் மங்கினால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் 8. நிழலே இல்லாத மப்பு வானத்துக்கு 5.6. வெளியே நல்ல வெயில், ஆள் நிற்பது திண்ணை நிழலில் என்றால் 4. கடற்கரை மணலில் நண்பகல் என்றால் 16-ஐத் தாண்டி 22 வரை போகலாம். காலை, மாலை சூரியன் தாழ்ந்திருக்கும்போது இதே கணக்கிலிருந்து ஒன்றோ இரண்டோ ஸ்டாப் திறக்க வேண்டும்.

16-இலேயே எடுக்க வேண்டும் என்றில்லை. 1/250-இல் 16 என்பதும் 1/500-இல் 11 என்பதும் 1/1000-இல் 8 என்பதும் ஒரே வெளிச்சம்தான். ஓடும் பஸ்ஸிலிருந்து எடுக்க 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள். கேமராவை ஜன்னல் கம்பியில் சாய்க்காமல் கையில் பிடியுங்கள், கம்பியின் அதிர்வு படத்தில் ஏறும். இரவு டீக்கடைக்கு, பாய்லர் பக்கம் ஒரு பல்பு எரிகிறது என்றால், 400 ரோலில் அபர்ச்சர் 2, வேகம் 1/30 என்று தொடங்கலாம். அதற்கும் கீழே என்றால் பெஞ்சு மேல் கேமராவை வைத்துவிடுங்கள்.

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளை வேட்டி கட்டியவர்களின் முகம் கறுத்துப் போகிறதே?

மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் நிறைய வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், மணல் என்றால் 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவு செய்து குறைத்துச் சொல்லும். மாநிற முகம் அதில் அடிபடும். எளிய வழி: அவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி மீட்டர் பாருங்கள், வந்ததைவிட ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை நிறம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது என்பதால் இது யார் கைக்கும் சரிவரும். நண்பகல் வெயிலில் கண்குழி இருட்டடிக்கும். அதை எந்த மீட்டரும் சரிசெய்யாது. நிழலுக்கு நகர்த்தி நிறுத்துங்கள்.

ரோலைச் சரியாக மாட்டியிருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

முழு ரோலும் வெறுமையாகத் திரும்பி வருவதற்கு இதுதான் முதல் காரணம்: ஃபிலிம் உள்ளே நகரவே இல்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது.

நிழலில் நின்று பின்கதவைத் திறங்கள். ஃபிலிமின் நாக்கை எதிர்ப்பக்கச் சுருளின் பிளவில் செருகி, ஒரு தடவை லீவரை இழுங்கள். மேலும் கீழும் உள்ள ஓட்டைகள் இரண்டும் பல்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தபிறகே மூடுங்கள். மூடியதும் இடது பக்க ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெதுவாகத் திருகினால் ஓரிடத்தில் முட்டும். தளர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் முறுக்க வேண்டாம். இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் கைப்பிடி தானாக எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. எண் காட்டும் ஜன்னலை நம்பாதீர்கள். உள்ளே ரோலே இல்லாவிட்டாலும் பல கேமராக்களில் அது ஏறும்.

தானியங்கிக் கேமராக்கள் ரோல் டப்பா மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களைப் படித்து ஃபிலிமின் வேகத்தை அறிந்துகொள்ளும். கையால் சுற்றி விற்கும் ரோல்களில் அந்தக் கட்டம் இருக்காது. அப்போது பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 ரோல் என்றால் இரண்டு ஸ்டாப் கூடுதலாக விழும். நெகடிவ் அதைத் தாங்கிவிடும்.

ரோல் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

36-இலோ 37-இலோ லீவர் இறுகும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒன்று வரும் என்று இழுத்தால் ஓட்டை கிழியும், அல்லது டப்பாவிலிருந்து ஃபிலிமே பிய்த்துக்கொண்டு வரும். கேமராவின் அடியில் உள்ள சிறிய பொத்தானை அமுக்கிவிட்டு, கைப்பிடியை அம்புத் திசையில் சுற்றுங்கள். பொத்தானை மறந்து சுற்றினால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தை மதியுங்கள். நீளமாகச் சுற்றிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் 'டக்' என்று விடுபட்டு லேசாகும். நாக்கு சுருளை விட்டு வந்துவிட்டது. முழுக்க உள்ளே இழுக்க இன்னும் இரண்டு சுற்று. எடுத்த ரோலும் எடுக்காத ரோலும் பையில் கலந்துவிடாமல் இருக்க இதுவே எளிய அடையாளம்: நாக்கு வெளியே இருந்தால் புதுசு.

வழியில் கேமராவுக்குள்ளேயே பிய்ந்துவிட்டால் திறக்காதீர்கள். லேப்பில் கேமராவோடு கொடுங்கள், இருட்டறையில் எடுத்துத் தருவார்கள்.

பாதியில் ரோலை மாற்ற முடியுமா?

முடியும். எண்ணைக் குறித்துக்கொண்டு சுற்றி, 'டக்' சத்தம் வந்ததும் நிறுத்தினால் நாக்கு வெளியே நிற்கும். டப்பா மேல் '14 வரை' என்று மார்க்கரால் எழுதுங்கள். திரும்பப் போடும்போது லென்ஸ் மூடியைப் போட்டு, அதிக வேகத்தில், சிறிய அபர்ச்சரில் 16 வரை வெறுமனே அடித்துத் தள்ளுங்கள். அந்த இரண்டு கூடுதல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும் ஃபிலிமை என்ன செய்யும்?

வண்ண ஃபிலிமில் மூன்று அடுக்குகள். சூட்டில் அவை ஒரே வேகத்தில் கெடுவதில்லை. அதனால்தான் நிறம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, நிழல் பகுதியில் புகை மூட்டம்போல் ஏறுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டும் பைக்கின் பெட்டியும்தான் மோசமான இடங்கள். பையின் நடுவில், துணிகளுக்கிடையே வையுங்கள். எடுத்து முடித்த ரோல் எடுக்காததைவிடச் சீக்கிரம் கெடும் என்பதால், பயணம் முடிந்ததும் டெவலப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பிரிட்ஜில், காற்றுப்புகாத டப்பாவில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். நெய் டப்பாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தால் வெளியே வியர்க்குமே, அதே வியர்வை ஃபிலிமிலும் படியும். மூடியபடியே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிரீசரில் இருந்தால் மூன்று மணி நேரம்.

கேமராவுக்கு எதிரி புழுக்கம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை முளைக்கும். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டுவதுதான் நாம் செய்யும் தப்பு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஓரத்தில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40 முதல் 50-க்குள் இருந்தால் நிம்மதி. நிறம் மாறும் ஜெல்லை வாணலியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே போடாதீர்கள். அங்குள்ள ஸ்கேனர் ஒரே தடவையில் ஃபிலிமில் புகை மூட்டம் ஏற்றிவிடும். கைப்பையில் பழைய வகை எக்ஸ்ரே என்றால் 400 வரையிலான ரோல் சில தடவை போனாலும் தாங்கும். புது வகை சி.டி. ஸ்கேனர் அப்படியல்ல, ஒரு தடவையே ஆபத்து. எது எந்த வகை என்று அறிய ஒரு குறிப்பு: 'லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம்' என்று சொன்னால் பெரும்பாலும் அது சி.டி.

வெளி அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ரோல்களை மட்டும் ஒளி ஊடுருவும் ஜிப் பையில் போட்டு, வரிசையில் நிற்கும்போதே கையில் வைத்திருங்கள். 'கையால் பார்த்துக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேட்டால் சில இடத்தில் செய்வார்கள், சில இடத்தில் மறுப்பார்கள், சண்டை உதவாது. கேமராவுக்குள் ரோல் இருந்தால் அவர்கள் திறந்துபார்க்கவும் கூடும், ஆகவே முந்தின நாளே முடித்து எடுத்துவிடுங்கள். ஈயப் பையை நம்பவேண்டாம். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் மறுபடி ஓட்டுவார்கள். முடிந்தால் போன ஊரிலேயே டெவலப் செய்துகொண்டு வருவதுதான் நல்லது. டெவலப் ஆன நெகடிவை எந்த ஸ்கேனரும் ஒன்றும் செய்யாது.

லேப்பில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

என்ன டெவலப் முறை என்பதை டப்பாவில் பார்த்துச் சொல்லுங்கள். சாதாரண வண்ண நெகடிவ் சி-41. ஸ்லைடு ஈ-6. கறுப்பு வெள்ளைக்குத் தனி மருந்து. ஹெச்பி5 ரோலைத் தெரியாமல் சி-41 இயந்திரத்தில் விட்டால், அதன் மருந்துகள் படத்தின் வெள்ளி முழுவதையும் கரைத்துவிடும். கண்ணாடிபோல் வெற்று ஃபிலிம்தான் கைக்கு வரும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மட்டும் விதிவிலக்கு. கறுப்பு வெள்ளையானாலும் அது சி-41-க்கென்றே செய்தது.

சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்கும் ரோல் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கறுப்புக் கரிப்பூச்சு இருக்கும். அது இயந்திரத்துக்குள் கழன்று, அடுத்தடுத்து வரும் மற்றவர்கள் ரோலிலும் ஒட்டும். 500டி (500T) என்ற வகை டங்ஸ்டன் விளக்குக்கானது, அதாவது மஞ்சள் குண்டு பல்புக்கு. பகலில் எடுத்தால் நீலம் அடிக்கும், 85 எண் ஃபில்டர் வேண்டும்.

இன்னொன்று: நெகடிவைத் திரும்பக் கேளுங்கள். ஸ்கேன் மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு நெகடிவை விட்டுவிடுபவர்கள் நிறைய.

படம் சரியாக வரவில்லை. தப்பு என்னுடையதா, லேப்புடையதா?

ஸ்கேனைப் பார்க்காதீர்கள், நெகடிவை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் கம்பெனிப் பெயரும் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை, டெவலப் ஆகும்போது வெளிப்படும். அந்த எழுத்து தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் டெவலப் சரி. ஃபிலிம் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லை, ஃபிலிம் கண்ணாடிபோல் என்றால் மருந்தில் கோளாறு. நுனி முதல் கடைசி வரை கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் முழுக்கப் பட்டிருக்கிறது.

எழுத்து நன்றாக, படம் மட்டும் மெலிந்து வெளிறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. ஸ்கேனில் அது சேறுபோல் மணல்மணலாகத் தெரியும். ஸ்கேனில் ஓரத்திலிருந்து ஆரஞ்சுத் தீற்றல் உள்ளே வந்தால் கதவு ஃபோம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பல்சக்கரம் நழுவுகிறது. ஃபிளாஷ் போட்ட படத்தில் மட்டும் ஒரு பக்கம் இருண்டிருந்தால் ஷட்டர் வேகம் அதிகம். ஷட்டர் துணித்திரையாக உள்ள பழைய கேமராக்களில் 1/60-க்கு மேல் போகக்கூடாது. எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில் நீளக் கோடு ஓடினால், டப்பா வாயிலுள்ள வெல்வெட்டிலோ கேமராவின் அழுத்தத் தகட்டிலோ மணல் துகள். கடற்கரைக்குப் போய்வந்த மறுவாரம் இது வரும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே டெவலப் செய்யலாமா? குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கிறதே?

செய்யலாம், சூட்டை அடக்கினால். புத்தகக் கணக்கு 20 டிகிரிக்கு: டி-76 (D-76) என்ற டெவலப்பர் மருந்தை நீர்க்காமல் ஊற்றினால் ஹெச்பி5-க்கு 7½ நிமிடம். 24 டிகிரியில் அது 5¼ ஆகச் சுருங்கும். 30 டிகிரியில் இன்னும் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சமமாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக வரும். அதனால் சம அளவு தண்ணீர் சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் 11 நிமிடம், 24-இல் சுமார் 7¾. ஒரு ரோலுக்கு 300 மி.லி. போதும்: 150 மருந்து, 150 தண்ணீர். அகலப் பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் வைத்து, மருந்து பாட்டில்களை அதில் நிற்கவையுங்கள். எல்லாத் திரவமும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

ஃபிலிம் உள்ள டெவலப்பிங் டேங்கை முதல் அரை நிமிடம் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு நிமிடத்துக்குப் பத்து நொடி. ஒரு நிமிடம் தண்ணீர். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் மருந்து. எவ்வளவு நேரம் என்று அறிய, வெட்டிப்போட்ட நாக்குத் துண்டை அதில் போட்டுப் பாருங்கள். அது தெளிய ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு. கழுவ மூன்று தடவை தண்ணீர் மாற்றினால் போதும்: 5 கவிழ்ப்பு, 10, பிறகு 20. கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் வெள்ளை வட்டங்கள் நிற்கும்.

இதிலெல்லாம் சிரமம் மருந்தல்ல, முதலில் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு ஃபிலிமை டேங்கின் ரீலில் ஏற்றுவதுதான். கை வியர்க்கும், பை உள்ளே ஆவியாகும், ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் பாதியில் ஒட்டி நின்றுவிடும். இரவில், ஜன்னலில்லாத அறையில், கதவிடுக்கில் துணி திணித்துவிட்டுப் பையே இல்லாமல் செய்வது சுலபம். ரீல் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும், ஃபிலிமின் முனை இரண்டையும் கத்தரிக்கோலால் லேசாக உருட்டி வெட்டியிருக்க வேண்டும். வீணான ஒரு ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருபது தடவை ஏற்றிப் பழகுங்கள்.

தாத்தாவின் பெட்டியில் காலாவதியான ரோல்கள் இருக்கின்றன. எடுக்கலாமா?

வண்ண ரோலுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டுவது நடைமுறைக் கணக்கு. கறுப்பு வெள்ளை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 'இந்து' (INDU) என்று அச்சிட்ட டப்பா கிடைத்தால் அது ஊட்டியில், 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில் வந்தது. ஆலை இப்போது இல்லை. எடுத்துப் பார்ப்பதைவிட டப்பாவோடு வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கட்சி. கோடாக்ரோம் என்றால் வண்ணத்தில் டெவலப் செய்ய வழியே இல்லை, அதன் மருந்து முறை 2010-ஓடு நின்றுவிட்டது. பழைய கேமராவுக்குள் ரோல் இருப்பதுபோல் தோன்றினால் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். முட்டினால் உள்ளே ரோல் உண்டு. திறக்குமுன் சுற்றிவிடுங்கள்.

நெகடிவ்களை எப்படி வைப்பது?

ஆறாறு படமாக வெட்டி, நெகடிவுக்கென்று விற்கும் உறைகளில். மெல்லிய பிவிசி உறை நம் சூட்டில் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீனோ பட்டர் காகிதமோ பாருங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், விரல் ரேகையிலும் பூஞ்சை முளைக்கும். உறையின் மேல் ஊர், மாதம், ரோல் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை மழைக்காலத்தில் ஊறி இறங்கும்.